மூன்றாவது நாற்காலி

துயிஸ்பர்க். செவ்வாய்க்கிழமை, காலை பத்து.
இந்தப் பக்கம் மாநில அரசு,
அந்தப் பக்கம் துருக்கியத் துணைத் தூதரகம்.
மேசைமேல் விரல் உயரத்தில் இரண்டு கொடிகள்.
அறைக்குள் காற்றில்லை.
நடுவே நுர்ஹயாத்.
அவள் நாற்காலிக்கு முன் பெயர்ப்பலகை கிடையாது,
தண்ணீரும் கேட்டால்தான் வரும்.

பேச்சு, இமாம்களைப் பற்றி.
நான்காண்டுக்கு ஒருவராக
அங்காராவிலிருந்து வந்து இறங்குகிறவர்கள்.
சம்பளம் அங்கே, தொழுகை இங்கே.
"இனி எங்கள் மண்ணிலேயே பயிற்சி" என்கிறார் டீர்க்ஸ் அம்மையார்.
"எங்கள் மக்களை எங்களிடமிருந்து பிடுங்குகிறீர்கள்"
என்கிறார் எதிரில் இருப்பவர்,
குரல் உயராமல், சர்க்கரையைக் கலக்கியபடி.

பிடுங்குவதை நுர்ஹயாத்
'தொலைவு கூடுகிறது' என்று மொழிபெயர்க்கிறாள்.
ஒரு வினைச்சொல்லின் முனையை மழுக்கினால்
ஒரு கூட்டம் பிற்பகல் வரை பிழைத்திருக்கும்.
அது பொய்யில்லையா என்று கேட்பவர்கள்
அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

ஜெர்மனில் 'வீர்', துருக்கியில் 'பிஸ்'.
இரண்டிலும் ஒற்றைச் சொல்தான்.
கேட்பவனை உள்ளே சேர்த்தாயா,
வாசலோடு நிறுத்தினாயா,
சொல் காட்டிக்கொடுக்காது.
ராஜதந்திரத்துக்கு இதைவிட வசதி உண்டா?
தமிழில் எழுதும் எனக்குத்தான் தலைவலி.
மேலே அம்மையார் சொன்னதை
முதலில் 'நம் மண்' என்றுதான் எழுதினேன்.
அவர் கோப்பை மூடிய விதத்தை நினைத்து
அடித்துவிட்டேன்.

நுர்ஹயாத்தின் தகப்பன் ரிஃப்கி
நிலக்கரிக்குள் இறங்கி ஏறியவர்.
அன்றைக்கு வைத்த பெயர், விருந்தாளித் தொழிலாளி.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்போம் நாம்.
அவருக்கு இது ஐம்பத்தேழாவது வருடம்.

போன மார்ச்சில் அவர் மனைவியை அடக்கம் செய்தபோது
நெஷெத் இமாம் நன்றாகத்தான் பேசினார்,
பாதியில் அழவும் செய்தார்.
பேரன் கொராய் சட்டையை இழுத்து
"என்ன சொல்கிறார்?" என்றான், ஜெர்மனில்.
குழியின் விளிம்பில் நின்று
பெற்ற தாய்க்கான வார்த்தைகளை
மெல்லிய குரலில், கூலியில்லாமல்,
வாக்கியம் வாக்கியமாகப் பெயர்த்தாள்.
கண் துடைக்க நேரமில்லை,
அடுத்த வாக்கியம் வந்துகொண்டிருந்தது.

நெஷெத்தின் விசா மாதக் கடைசியோடு முடிகிறது.
அவர் கற்றுக்கொண்ட ஜெர்மன் நாற்பது சொல் இருக்கும்.
எல்லாம் மருந்துக் கடையிலும் மயானத்திலும் புழங்குபவை.

அடுத்த வெள்ளி, பில்கின் ஏறினார்.
ஓஸ்னாப்ருக்கில் படித்தவர்,
பிறந்தது பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி.
குத்பா ஜெர்மனில்.
பொறுமையைப் பற்றிச் சொல்ல வந்து
903 டிராமைப் பற்றிச் சொன்னார்.
பையன்கள் சிரித்தார்கள். அந்தக் கம்பளத்தின் மேல்
குத்பா கேட்டு யாரும் சிரித்து
மாடத்திலிருந்த நுர்ஹயாத் பார்த்ததில்லை.
கடைசி வரிசையில் நெஷெத்தும் சிரித்தார்,
ஒரு நொடி பிந்தி.

தேநீர் அறையில் ரிஃப்கி கேட்டார்,
"எதற்குச் சிரித்தார்கள்?"
சொன்னாள்.
"டிராம் வராது என்று எனக்குத் தெரியாதா?
இதற்கு ஒரு படிப்பா?"
இதுவரை பேரன்களுக்குப் பெயர்த்தவள்
இனி தகப்பனுக்குப் பெயர்க்க வேண்டும் போல.
நாற்காலி அதேதான், முகம் பார்க்கும் திசைதான் வேறு.

ஆனாலும் தொழுகையில் அவள் பார்த்தாள்.
அரபு தகப்பனுக்கும் தெரியாது, கொராய்க்கும் தெரியாது.
குனிந்ததென்னவோ சேர்ந்துதான்.
தகப்பன் எழ மட்டும் கொஞ்சம் நேரமானது,
முழங்கால்.

ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை.
அங்காரா இனிப் பணம் அனுப்பாது,
மதகுருவுக்குக் கொடுக்க மாநிலத்துக்குச் சட்டமில்லை.
இதையும் சொன்னாள்.
ரிஃப்கி கோப்பையைக் கீழே வைத்தார்.
"அப்படியானால் இந்தப் பையனுக்குச் சம்பளம் யார்?"
"பிஸ்" என்றாள்.

இந்த ஒன்றைத் தமிழாக்க எனக்குச் சிரமமில்லை.

கிழவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு
வெகுநேரம் எதையோ துழாவினார்.
கை வெளியே வரவில்லை.
"மாதம் எவ்வளவு?" என்றார்.