மிதவை நாட்கள்

கூலாய்த் தொழிற்சாலையில்
ஒரு குளியலறை
ஓடு பதித்து, குழாய் மாட்டி,
கண்ணாடிமேல் ஒட்டிய நீலப் பிளாஸ்டிக்கை உரிக்காமல்
லாரி ஏறிவிட்டது.
இரவு மணி பதினொன்று நாற்பது.
என் தாளில் அதன் பெயர் 11-ஈ-04.

அது வரும் என்று நம்ப
நிறையப் பேர் இருக்கிறார்கள்.
எப்படியெல்லாம் வராமல் போகும் என்று யோசிக்க
எனக்குச் சம்பளம்.

துவாஸ் பாலத்தில் ஒரு முத்திரை குறைந்தால்
நான்கு மணி நேரம்.
அகலச் சுமை பகலில் சாலைக்கு வரக்கூடாது;
விடிந்துவிட்டால்
இன்னோர் இரவு வரை ஓரமாய் நிற்கும்,
யாரும் குளிக்காத குளியலறை.

இரண்டு வேலைகளுக்கு நடுவே சும்மா கிடக்கும் நாட்களை
எங்கள் தொழிலில் மிதவை என்போம்.
சீனப் புத்தாண்டுக்கு ஐந்து போட்டேன்,
நோன்புப் பெருநாளுக்கு மூன்று,
மழைக்குப் பதினொன்று.
பதினொன்று எங்கிருந்து வந்தது, ஹுய் ஷான் கேட்டாள்.
வானத்திலிருந்து என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஒன்பது ஆக்கினாள்.

தெங்காவில் இன்று அந்தப் பத்தாவது நாள்.

காலை எட்டரைக்கு ஷஹீனூர் பாரந்தூக்கியில் ஏறினான்.
இருபத்தாறு டன்,
நான்கு வடங்களில் தொங்கி
ஏழாம் மாடி, எட்டாம் மாடி,
ஒன்பதைத் தொடும்போது
மின்னல் விளக்கு சிவந்தது. சங்கு.
இறக்கு, இறக்கு, மெதுவா இறக்கு.
ஒரு வீட்டின் மூலை
மறுபடி தரைக்கு வந்து
மழையில் நின்றது,
பரீட்சைக்குத் தாமதமாய் வந்து
வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளை போல.

மழைக்கு நடுவே ஞானசேகர்
அளவுக் குறிப்போடு வந்தார்.
மேலே பெட்டி உட்காரும் இடம்
இருபது மில்லிமீட்டர் விலகியிருக்கிறதாம்.
ஒரே தளத்திலா?
இல்லை தம்பி, ஒரு தளத்துக்கு இரண்டு.
அனுமதிக்குள்தான். எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.
பத்துத் தளம் ஏறியாச்சு இல்லையா.

யாரும் பொய் சொல்லவில்லை.
அதுதான் கணக்கு.
தாமதம் ஒருபோதும் ஒரே ஆளிடம் இருக்காது;
அரை நாள் இவரிடம், ஒரு மின்னஞ்சல் அவரிடம்,
ஒரு 'நாளைக்குப் பார்க்கலாம்' என்னிடம்.

கொள்கலன் அலுவலகத்தில் ஈரக் காலுறையோடு
திருத்திய அட்டவணையைத் திறந்தபோது
கைப்பேசியில் ஒரு கடிதம்.
என் தளத்துக்கு அல்ல. எனக்கு.
யீஷூனில் நாங்கள் பதிந்த நாலறை வீடு.
வேறு கம்பெனி, வேறு பாரந்தூக்கி, அதே மழை.
'எதிர்பாராத காரணங்களால்
சாவி ஒப்படைப்பு இரண்டு காலாண்டு தள்ளிப்போகிறது.'

எதிர்பாராத.
அந்தச் சொல்லை நானே எத்தனை முறை தட்டச்சு செய்திருக்கிறேன்.
அங்கேயும் ஒருவன் எதிர்பார்த்திருப்பான்.
பதினொன்று என்று எழுதியிருப்பான்.

பிரமிளாவை அழைத்தேன்.
பூன் லேயில் வாடகை அறை;
கட்டிலுக்கடியில் தொட்டில் பெட்டி,
பலகைகள் தனி, திருகாணிகள் தனி உறையில்.
அதுவும் எங்கோ செய்து
இங்கே பொருத்துவதுதான்.
'ரெண்டு காலாண்டா,' என்றாள்.
விரல் விடுவது கேட்டது.
'இதுக்கு நீ எத்தனை நாள் மிதவை வெச்ச?'
ஒன்பது மாதத்துக்கு
மிதவை கிடையாது என்று
என் அட்டவணைக்குத் தெரியும்.
நான் சொல்லவில்லை. அவள் சொன்னாள்.

மழை தூறலானபின் வெளியே போனேன்.
11-ஈ-04இன் கதவு பூட்டவில்லை.
உள்ளே புதுச் சுண்ணாம்பு, பசை வாசம்,
கூரையில் தட்டும் மிச்சத் துளிகள்.
யாரோ ஒருவரின் கைக்குக் காத்திருக்கும் சோப்புத் தட்டு.
அவர்களுக்கும் நாளைக்கு ஒரு கடிதம் போகும்.
அதை நான்தான் எழுதவேண்டும்.

முதலில் ஹுய் ஷானுக்கு எழுதினேன்:
அடுத்த கட்டடம், மழை: பதினொன்று. குறைக்காதே.
'எதிர்பாராத' என்று தொடங்கிய வரியை
அழித்தேன்,
வேறு சொல் கிடைக்கவில்லை.

வெளியேறும் முன்
தண்ணீர் வராது என்று தெரிந்தும்
குழாயைத்
திருகிப் பார்த்தேன்.