கடைசி இரண்டு அங்குலம்

காலை ஏழு மணிக்கு நாக்கு சுத்தமாக இருக்குமாம்.
அதனால் எஸ்தெலியில், எங்கள் ஆலையில்,
காப்பிக்கு முன்னால் சுருட்டு.
வெறும் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட்,
ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு பென்சில்.
பெயர்ப்பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுவருவார்கள்,
பெயர் பார்த்து மயங்கிவிடக் கூடாதென்று.
ஆனாலும் எங்களுக்குத் தெரியும்.
மூன்று நாளாக வாசலில்
கறுப்பு அரக்குப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன.
ஆயிரத்து இருநூறு; அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது.

எனக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்று:
டிசம்பர் காய்ச்சலுக்குப் பிறகு
என் நாக்கு செத்துக் கிடக்கிறது.
நான்கு மாதம்.
வெங்காயம், தண்ணீர். சோப்பு, தண்ணீர்.
என் மகனின் தலைமுடி,
அதுவும் தண்ணீர்.
யாரிடமும் சொல்லவில்லை.
ருசி பார்ப்பவளுக்கு மூக்கு போனால்
நரம்பு உரிக்கும் கொட்டகையில்தான் இடம்,
சம்பளம் பாதி.

ஆகவே விரலால் ருசிக்கப் பழகினேன்.
காதோரம் வைத்து உருட்டினால்
ஈரம் எவ்வளவென்று இலையே சொல்லிவிடும்.
கட்டைவிரலில் ஒட்டும் எண்ணெய்,
சாம்பல் நிற்கும் நீளம்,
நெருப்பு கோணாமல் இறங்குகிறதா என்பது.
மீதிக்கு விதாலின் முகம்.
பதினொரு வருடமாக எதிரே உட்கார்ந்திருக்கும் முகம்.
இடது புருவம் ஏறினால் மிளகு,
கண் சொருகினால் கோகோ.
அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்:
‘ஈரத் தேவதாரு, வறுத்த பாதாம், பின்னால் கொஞ்சம் தோல்.’
சொற்கள் மட்டும் என்னுடையவை.

இன்றைக்கும் அப்படியே தொடங்கிற்று.
தலையை வெட்டி, பற்றவைக்காமல் ஓர் இழுப்பு.
அடைப்பில்லை. நல்ல கை சுருட்டியிருக்கிறது.
முதல் பங்கில் விதாலின் புருவம் பாதி ஏறியது;
மிளகு என்றேன் தாளிடம்.
இரண்டாம் பங்கில் ஒதிலியா
யாரோ கூப்பிட்டதுபோல் தலையாட்டினாள்;
பாலேடு என்று போட்டுவைத்தேன்.
சாம்பல் ஒன்றரை அங்குலம்,
உதிர மனமில்லாமல் நின்றது.
முதலாளி செலெதோன் கதவருகே
கைகட்டி நின்றார்.
அவர் கைகட்டி நான் பார்த்ததில்லை.

கடைசி இரண்டு அங்குலத்தில்
அது வந்தது.

முதலில் அண்ணத்தில் ஓர் ஊசி.
பிறகு நாக்கின் அடிவேரில்
அவசரப்பட்ட இலையின் கசப்பு,
குவியலில் இன்னும் ஆறு மாதம்
வியர்த்துக் கிடந்திருக்க வேண்டிய இலை.
குதிரை லாயத்து அமோனியா
மூக்குக்குள் ஏறிக் கண்ணை நனைத்தது.
கசந்தது.
கடவுளே,
எவ்வளவு அழகாகக் கசந்தது!

இன்னோர் இழுப்பு. ஓடிப்போகவில்லை, அங்கேயே இருந்தது.
பிஸ்கட்டைக் கடித்தேன். மாவு!
மாவுக்கு ஒரு வாசனை உண்டென்பதையே மறந்திருந்தேன்.

“புகை பட்டுவிட்டதா, நூபியா?” என்றான் விதால்.
ஆமாம் என்றேன்.
அவன் தாளில் தொண்ணூற்று நான்கு.
ஒதிலியா தொண்ணூற்று மூன்று.
இரண்டு முகங்களும் கடைசிப் பங்கில் அசையவே இல்லை.
அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்
என்பது இப்போது புரிகிறது.
நான்கு மாதமாக இந்த முகத்தைப் பார்த்து
எத்தனை பொய்யைப் பிரதியெடுத்தேனோ.

என் நாக்கைத் திருப்பித் தந்த சுருட்டு.
அதற்கு நூறு போடலாம்,
முத்தம்கூடக் கொடுக்கலாம்.
பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு
(காரீயமும் ருசித்தது)
எழுதினேன்:
‘இளம் இலை. அமோனியா. எழுபத்தொன்பது.’

செலெதோன் தாள்களைச் சேர்த்தார்.
என்னுடையதை இரண்டு முறை படித்தார்.
ஒன்றும் சொல்லாமல் அடியில் செருகினார்.
வெளியே பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிற சத்தம்
அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

அணைந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்து
மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.
மகன் பள்ளியிலிருந்து வந்ததும்
குனிந்து உச்சியை முகர்ந்தேன்.
வியர்வை. சாக்கட்டி. என்னவோ ஒரு புளிப்பு.
“சுருட்டு நாத்தம், தள்ளிப் போம்மா” என்றான்.

தள்ளிப் போகவில்லை.