மேசை ஒன்பது

ஓல்ட்டனில் பியேல் போகும் ரயிலை
நான்கு நிமிடத்தில் தவறவிட்டேன்.
அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து.
மழை. பசி. நிலையத்துக்கு எதிரே மகாராணி உணவகம்,
பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்துகள் எரியவில்லை.
வாசலில் பித்தளை யானை.
அதன் தும்பிக்கையில் யாரோ மாட்டிய குடை
சொட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் மேசை, கழிப்பறைக் கதவை ஒட்டி.
தனியாக வரும் பெண்ணுக்கு
எந்த ஊரிலும் இதே மேசைதான் போலும்.

பரிமாறுகிறவர் சட்டையில் ரூபி என்று பெயர்.
ரூபகாந்தனோ என்னவோ,
வாடிக்கையாளர் நாக்குக்கு ஏற்பச் சுருங்கியவர்.
ஜெர்மனில் கேட்டார், காரம் எப்படி:
மில்டா, மிட்டலா, ஷார்ஃபா?
ஷார்ஃப் என்றேன். நானும் ஜெர்மனில்தான்.
ஏன் என்று தெரியாது.
நாற்பது கடந்த இரண்டு பேர்
தாய்மொழியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு
கோழிக்குழம்புக்கு உச்சரிப்பு சரிபார்த்தோம்.

இருபத்தாறு நிமிடம்.
ஒரே சிதார் துண்டு நான்காம் முறை ஓடியது.
அலுவலகக் கூட்டம் ஒன்று, ஆறு பேர்,
ஆறு பில் கேட்டு
ஒரு சமோசாவை யார் தின்றது என்று விசாரித்தார்கள்.
எனக்கு அப்பளம் வந்தது, மூன்று கிண்ணம் சட்னியோடு.
மூன்றும் இனிப்பு.

சமையலறைக் கதவு சரியாக மூடவில்லை.
"ஒன்பதாம் மேசை எங்கட ஆள் போல கிடக்கு.
உறைப்புக் கூடப் போடட்டோ?"
"வேண்டாம் அண்ணை. போன கிழமையும் இப்பிடித்தான்
ஒராள் ஷார்ஃப் எண்டு கேட்டுப்போட்டு
மூக்கு வடிய வடியத் திருப்பி அனுப்பினது.
வழக்கம்போலப் போடுங்கோ."

வழக்கம்போலப் போட்டார்கள்.
கிரீமுக்கு மேல் கிரீம்.
கொத்தமல்லித் தழை ஒன்று
பனிச்சரிவில் மாட்டிய மனிதனைப்போலக்
கை தூக்கி நின்றது.
நான் ரொட்டியின் அடி கருகல், நடு பச்சை மாவு.

பக்கத்தில் ஹெர் ஷ்டூடர்
(முன்பதிவு அட்டை அப்படித்தான் சொன்னது)
மனைவி தடுத்தும் விண்டாலு கேட்டிருந்தார்.
எனக்கு வராத காரமெல்லாம்
அவரிடம் போயிருந்தது.
நெற்றி, பிடரி, மூக்குக்கண்ணாடி, எங்கும் வியர்வை.
ரூபி குனிந்து, எப்படி இருக்கிறது என்றார்.
"பிரமாதம்," மூச்சு வாங்கியபடி.
மனைவி தன் தயிர்க்கிண்ணத்தை
ஓசையில்லாமல் அவர் பக்கம் நகர்த்தினாள்.

பிறகு என்னிடம் திரும்பினார்.
நான் பியேலில் கடிகார முட்களுக்குத் தரம் பார்ப்பவள்.
ஒரு மயிரிழைக் கீறலுக்காக
முந்நூறு முட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
"நன்றாக இருக்கிறது," என்றேன்.
அவர் தலையசைத்தார், நம்பாமல்.
நம்புவது அவர் வேலையும் இல்லை.

ரயிலுக்குப் பதினோரு நிமிடம் இருக்கையில்
வாய் தானாகத் திறந்துகொண்டது:
"அண்ணாச்சி, ஒரு பச்சமொளகா கெடைக்குமா?"

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.
ரூபியின் கையில் தண்ணீர்க் குடுவை
சாய்ந்தபடியே நின்றது.
நான் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன் என்பது
இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

மன்னிப்பு இல்லை. எந்த ஊர் என்ற விசாரணை இல்லை.
வெள்ளைத் தட்டு, பூவேலைக் காகிதம்,
நடுவே ஒற்றை மிளகாய், காம்போடு,
மணையில் உட்காரவைத்ததுபோல.

கடித்தேன்.
ஆறிப்போன குழம்பு அப்போதுதான்
தன் பெயரைச் சொன்னது.

பில்லில் தண்ணீருக்கு ஆறரை பிராங்க்.
கடைசி வரி தனியாக:
கூடுதல், ஒன்று. ஒன்றரை பிராங்க்.
சிரித்துவிட்டேன். அவரும்.
"முதலாளின்ர கணக்கு, அக்கா."
எனக்கு அவர் பரிமாறியதில்
அந்த வாக்கியம் ஒன்றுதான் சூடாக வந்தது.

இரண்டு பிராங்க் வைத்துவிட்டு ஓடினேன்.
யானையிடம் இப்போது குடை இல்லை.
சொலதூர்ன் தாண்டும்வரை உதடு எரிந்தது.
எதிர் இருக்கைக்காரர் என் கண்ணீரைப் பார்த்து
நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நன்றாக இருந்தது.