பக்கம் நாற்பத்தொன்று

ஏழு மணிக் கூட்டம்.
ஏழு ஐந்துக்கு மேயர் ஒச்சோவா மரச் சுத்தியலைத் தட்டினார்.
நான் நகராட்சி எழுத்தர்.
யார் பேசினார், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்
இவ்வளவுதான் என் ஏடு.
அழுதால் எழுதக் கூடாது.
கைதட்டினாலும் கூடாது.

டன்மோர் முனையின் கடற்கரை நிலத் திட்டம்,
முப்பத்தெட்டு ஆண்டுக்குப் பின் திருத்தம், மூன்றாம் வரைவு.
சுவரில் வரைபடம்.
குன்றின் விளிம்புக்கு இப்பால் ஒரு சிவப்புக் கோடு,
அதன் மேல் பொடி எழுத்தில் 2070.

முதலில் லாயிட் டெக்கர்.
"இந்தக் கோடு என் வீட்டுக்குள் போகிறது.
அடுப்படி அந்தப் பக்கம், கட்டில் இந்தப் பக்கம்.
இனி பசிபிக்கில் சமைத்து
நகரத்தில் தூங்க வேண்டுமா நான்?"
எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.
பிறகு சட்டைப் பையிலிருந்து
காப்பீட்டுக்காரர்களின் கடிதத்தை எடுத்துப் பிரித்தார்.
மூக்குக்கண்ணாடியைத் தேடி முடிப்பதற்குள்
மேசை விளக்கு சிவப்பாகிவிட்டது.

பாறை கொட்டுங்கள் என்றார் ஒருவர்.
கொட்டினால் மணல் போய்விடும் என்றாள்
ஈரத் தலையோடு வந்த பெண்,
அவள் அலைச்சறுக்குப் பலகை வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது.
வீட்டுத் தரகர் மட்டும் குரல் உயர்த்தவில்லை:
அந்த ஒரு சொல் அச்சில் இருக்கும்வரை
எந்த வங்கியும் இங்கே கடன் தராது.

அந்தச் சொல்
பக்கம் நாற்பத்தொன்றில் இருந்தது.
பின்வாங்கல்.

திட்ட அலுவலர் ஆன்ஸ்லி எழுந்து விளக்கினார்.
விளிம்பு வீடுகளை நகராட்சி வாங்கும்,
இடிக்கும்,
குன்றைக் குன்றாக விட்டுவிடும்.
"பணம்?"
"மாநிலம் தரலாம்."
"தரலாமா, தருமா?"
அவர் தண்ணீர் குடித்தார்.
அதை நான் எழுதவில்லை.

வாங்க ஆளில்லை, பின்வாங்கு என்கிறார்கள்.
கடலோ வாங்கிக்கொண்டே இருக்கிறது,
பத்திரம் இல்லாமல், முன்பணம் இல்லாமல்,
போன ஜனவரியில் ஒரே இரவில் ஒன்பது அடி.

கடைசிப் பெயர் மாரிஸெல் அப்ரெகானா.
முதியோர் இல்லத்துச் சீருடையிலேயே வந்திருந்தாள்.
"குன்றோரக் குடியிருப்பு, எண் பன்னிரண்டு. வாடகைக்கு.
நீங்கள் வாங்கினால் உரிமையாளருக்குக் காசோலை,
எனக்குக் கதவில் ஒரு நோட்டீஸ்.
பால்கனி ஏற்கெனவே விழுந்துவிட்டது.
அந்தக் கதவை ஆணி அடித்து மூடினார்கள்.
வாடகையை மட்டும் குறைக்கவில்லை."
விளக்கு இன்னும் பச்சை.
இரண்டு நிமிடம் பாக்கி இருந்தும்
"அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தாள்.
ஒலிவாங்கி சற்று நேரம்
யாருமில்லாத மூச்சை வாங்கிக்கொண்டிருந்தது.

பிராண்டிஸ் முன்மொழிந்தார், குவஹாரா வழிமொழிந்தார்:
'பின்வாங்கல்' நீக்கப்பட்டு
'தகவமைவு' சேர்க்கப்படும், வருமிடமெல்லாம்.
ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு.
கலைந்தது பத்து ஐம்பத்திரண்டுக்கு.

எல்லோரும் போனபின் கணினியில் தேடினேன்.
பன்னிரண்டு இடம். எல்லாவற்றையும் மாற்றவா என்று கேட்டது.
ஆம் என்றேன்.
ஒரு நொடிகூட ஆகவில்லை.

சரிபார்க்க ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
பதினொன்று ஒழுங்காக இருந்தன,
வழவழவென்று, யாரையும் எழுப்பாமல்.
பன்னிரண்டாவது பின்னிணைப்பில், பறவைகள் பகுதியில்:
'அலையின் தகவமைவு முடிந்ததும்
ஈர மணலில் உப்புக்கொத்திகள் இரை தேடும்.'

விளக்கணைக்கக் காவலாளி வாசலில் நின்றார்.
இரு நிமிடம் என்று சைகை காட்டினேன்.

அந்த ஒரு வரியில் மட்டும்
பழைய சொல்லைத் திருப்பி வைத்தேன்.
பக்கம் இருநூற்று மூன்று, யாரும் பார்க்கப்போவதில்லை.
தீர்மானத்தை மீறியதாகுமா, தெரியவில்லை.
கொத்திகளுக்கு அது வேண்டியிருந்தது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில்
லாயிட் டெக்கர், காருக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு,
அந்தக் கடிதத்தை
முதலிலிருந்து, உரக்க.