எட்டாவது காட்சிப்பொருள்

என் வேலை ஆணி அடிப்பது.
காலா கோடா பக்கம் ஒரு கலைக்கூடம்.
மரப்பெட்டி திறந்து, வெள்ளைக் கையுறை மாட்டி
படத்தைத் தூக்கிப் பிடித்தால்
க்யூரேட்டர் மேடம் பத்தடி தள்ளி நின்று
ஒரு விரலை அசைப்பார்.
இடப்பக்கம். இன்னும். போதும். இல்லை, கொஞ்சம் திரும்பி வா.
பதினோரு வருடமாக அந்த விரலைத்தான் படிக்கிறேன்.
படங்களின் முதுகு எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலையில் ஹார்பர் லைன் மூழ்கியது.
பள்ளிக்கூடம் இல்லை, கலைக்கூடமும் இல்லை.
திலக் நகர் வீட்டில் பெனினா
சுவரைப் பத்தடி தள்ளி நின்று பார்க்க முயன்றாள்.
எங்கள் அறையில் பத்தடி கிடையாது.
சமையல்கட்டுக்குள் போய் அங்கிருந்து எட்டிப் பார்த்தாள்.
பிறகு விரலை அசைத்தாள்.

"ஐந்தடியில் அடிக்கட்டுமா?"
"என் கண்ணு எங்க இருக்கோ அங்க."
மூன்றரை அடி.
மண்டி போட்டு அடித்தேன்.

அவள் வரைந்தது மட்டும் முப்பது படம் இருக்கும்.
ஒன்றுகூட ஏறவில்லை.
நல்லாத்தானே இருக்கு என்றேன்.
"நல்லாருக்கு. ஆனா இதுங்களோட பேச மாட்டேங்குது."
இதுங்கள் என்றால்:
கம்பி ஒடிந்த குடை,
லிஃப்ட் கதவில் சிக்கிய என் மணிக்கட்டின் எக்ஸ்ரே
(ஜன்னல் கண்ணாடியில், வெளிச்சம் வரட்டும் என்று),
ஒற்றைக் கொலுசு,
காது போன கோப்பை,
கீழ்வீட்டு ஓம்கார் கொடுத்த சுறாப் பல், பாதி.
சுகிர்தா தன் பங்குக்குக் குக்கர் விசிலை நீட்டினாள்.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"இது வேலை செய்யுது. உடையட்டும், எடுத்துக்கறேன்."

வாசல் கதவில் கண்காட்சியின் பெயர்,
தமிழில் ஒன்று, கீழே இந்தியில் ஒன்று:
உடைஞ்சது, ஆனா தூக்கிப் போடல.

ஏழு ஆனது. எட்டாவதுக்கு ஒரு வெறும் சட்டம் கேட்டாள்.
ஜன்னலுக்குக் கீழே ஊறிக்கொண்டிருந்த ஈரத்தைச் சுற்றி
அதை மாட்டச் சொன்னாள்.
தினம் காலையில் பென்சிலால் ஈரத்தின் ஓரம் வரைந்தாள்,
தேதி போட்டாள்.
ஒன்பது, பத்து, பதினொன்று.
எந்தக் கடலிலும் இல்லாத தீவு ஒன்று
கரை தள்ளிக்கொண்டே போனது.
பக்கத்தில் சீட்டு:
பெயர், கசிவு.
செய்த பொருள், மழைத்தண்ணி, சுண்ணாம்பு, பூஞ்சை.
காலம், மூணு மழை, இன்னும் முடியல.
இரவல் தந்தவர், காவ்டே அங்கிள்.

வாடகைக்கு வந்த காவ்டே
எல்லாரையும் போலக் குனியத்தான் வேண்டியிருந்தது.
இந்தி எழுத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார்.
மூன்று வருடம் போனில் நான் சொல்லாததா?
என் பேர் எதுக்கு, என்றார்.
"இரவல் தந்தவங்க பேரைப் போட்டே ஆகணும் அங்கிள். அதுதான் முறை."
நான் தரையைப் பார்த்தேன்.
பன்னிரண்டாம் தேதிக் கோட்டுக்கு அவர் விரல் போனது.
"தொடக் கூடாது."
விரல் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை கொத்தனார் வந்தார், சிமெண்ட் சட்டியோடு.
ஞாயிறு வரைக்கும் கண்காட்சி இருக்கு என்றாள்.
அவருக்கு மதியம் கோவண்டியில் வேறு வேலை.
என் போனில் நாலு படம் எடுத்துக்கொண்டாள்,
தள்ளி நின்றாள், அழவில்லை.
சாம்பல் நிறச் சிமெண்ட் மேல் சட்டம் மறுபடி ஏறியது,
சீட்டில் ஒரு வரி கூடியிருந்தது:
திருப்பிக் கொடுத்தாச்சு.

திங்களன்று கலைக்கூடத்தில்
எட்டடி அகலப் படம் ஒன்று. துறைமுகம்.
விரல் அசைந்தது, அடித்தேன், மேடம் போய்விட்டார்.
விளக்கணைக்கும் முன் அதன் முன்னால் மண்டி போட்டேன்.
மூன்றரை அடியில் கப்பல் இல்லை,
அடியில் இருக்கும் தண்ணீர்தான்,
பச்சையும் கறுப்புமாக, யாரோ
அவசரமே இல்லாமல் தீட்டிய தண்ணீர்.

கீழே என்ன விழுந்துச்சு என்று கேட்டார்
காவலாளி பாண்டுரங்.