தலைப்பிரட்டைகள்

சரிவை வரைய எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு.
மேட்டின் விளிம்பில் தடித்த தலை,
பள்ளத்தை நோக்கி இளைத்துக்கொண்டே போகும் வால்.
தாளில் பார்த்தால் தலைப்பிரட்டை.
மூன்று நாட்களாக
உல்கர்தோர்ப்பைத் தலைப்பிரட்டைகளால்
நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி, லிங்கன்ஷர்.
காலை எட்டு மணி வெயில்
தரையோடு தவழ்ந்து வரும்போது மட்டும்
ஊர் எழுந்திருக்கிறது:
நடுவே குழிந்து ஓடும் தெரு,
இருமருங்கும் வீட்டு மேடைகள், பத்தொன்பது,
நீர் வற்றிய மீன்குளத்தின் கரை,
அப்பால் உழவு மேடுகள்.
அவை நேராக இல்லை.
எட்டு எருது பூட்டிய ஏர்
வயல் முடியுமுன்பே திரும்பத் தொடங்க வேண்டும்;
எருதுகள் போய்விட்டன,
அந்தத் திரும்பல் மட்டும்
புல்லுக்கடியில் வளைந்து கிடக்கிறது.

பதினொரு மணிக்கு வெயில் ஏறினால்
ஒன்றுமில்லை.
வண்டியில் போகிறவர்கள்
என்ன பச்சை என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

கொள்ளைநோயா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.
இல்லை. நோய் வந்து போன பிறகும்
நூற்றைம்பது ஆண்டு இங்கே அடுப்பு புகைந்தது.
அப்புறம் கம்பளிக்கு விலை ஏறியது.
ஆட்டுக்கு வழக்கு இல்லை, வாரிசு இல்லை,
ஞாயிற்றுக்கிழமை இல்லை.
பத்தொன்பது வீடு போனது.
ஓர் இடையன் வந்தான், ஒரு நாய் வந்தது.
பிரபுவின் கணக்கில்
அந்த ஆண்டு லாபம்.

பழைய தீர்ப்பேட்டில் எனக்குப் பழக்கமான பெயர் ஒன்றே:
அவிஸ், தோரல்டின் மனைவி.
புளித்துப்போன பார்லி மது விற்றதற்கு
இரண்டு பென்னி அபராதம்.
மறு ஆண்டும் இரண்டு பென்னி.
அதற்கு மறு ஆண்டும்.
குடித்தவர்கள் யாரும் நிறுத்தவில்லை போலும்.
அவள் வீடு எது என்று
ஏடு சொல்லவில்லை.

நிலத்துக்காரி ஜானிஸ் மவ்ன்சி
என் தாளை எட்டிப் பார்த்தாள்.
"எந்தத் தவளை போட்ட குஞ்சு இதெல்லாம்?"
ஊர் என்றேன்.
அவளுக்கு ஊர் தெரியாமல் இல்லை.
குட்டி போடும் பருவத்து இரவுகளில்
எந்தப் பள்ளத்தில் எந்தச் சினையாடு ஒதுங்கும் என்று
என் பத்தொன்பதையும்
டார்ச்சும் கையுமாக அளந்தவள்.
விரலை எண்களின்மேல் ஓட்டினாள்.
"ஏழு நல்ல இடம்.
பன்னிரண்டு ஆகாது, அதற்கு வாசல் வடக்கே."

வாசல் என்றாள்.
நான் அதை இடைவெளி என்று குறித்திருந்தேன்.

மதியம் கடல் பக்கமிருந்து காற்று திரும்பியது,
கூடவே ஆலங்கட்டி.
கோட்டுக்குள் எதையோ அணைத்தபடி ஓடிவந்தாள்:
இரட்டையில் இளையது, தாய் நக்க மறுத்தது,
இன்னும் மஞ்சள் காயாதது.
ஏழாம் வீட்டின் மூலையில் வைத்துவிட்டு
"பார்த்துக்கொள், பால் கொண்டு வருகிறேன்" என்று போனாள்.

நாடாவைப் போட்டுவிட்டு நானும் படுத்தேன்.
காதளவில் காற்று நின்றது.
நிற்கும்போது முகத்தை அறைந்த அதே காற்று
என்மேல் கூரைபோல் போய்க்கொண்டிருந்தது.
களிமண் சுவர் கரைந்து கரைந்து மீந்த உயரம்
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்;
காலையில்தான் அளந்தேன்.
ஊரை மேய்ந்து தீர்த்த ஆடுகளின் வழியில் வந்த ஒன்று
என் கழுத்துக்குக் கீழே மூக்கை நுழைத்து
இல்லாத காம்பைத் தேடியது.
விரட்ட வேண்டியது யார், யாரை?
விரலைக் கொடுத்தேன். சப்பியது.

ஜானிஸ் வந்து புட்டியை வாயில் வைத்தாள்.
பாதி குடித்தது, பாதி வழிந்தது.
"பிழைக்குமா?"
"நாளைக்குக் கேள்."

தாள் நனைந்து
ஏழாம் வீட்டின் வடக்குச் சுவரில்
மூன்று தலைப்பிரட்டைகள் கரைந்துவிட்டன.
காலை எட்டு மணிக்கு,
வெயில் வந்தால்,
அவற்றை மறுபடி வரைய வேண்டும்.