மேல்மாடி, தனி மீட்டர்

கடைசிப் படிக்குப் பூசிய சீமெந்து காயமுன்னமே
வங்கியின் முதல் தவணைக் கடிதம் வந்துவிட்டது.
இரண்டு அறை, ஒரு குசினி, தனி மீட்டர்,
குளியலறை ஜன்னலில் எக்கிப் பார்த்தால்
மரங்களுக்கு மேலால் ஒரு விரற்கடை துறைமுகம்.

பத்தொன்பது வருஷம் வாடகை கொடுத்தவள் நான்.
வாங்குவது எப்படியென்று
ஒருவரும் சொல்லித் தரவில்லை.

என்ன விலை சொல்வது?
பாலையூற்றில் மூன்று வீடுகளுக்கு
குடிவர இருப்பவள்போலப் போய் விசாரித்தேன்.
இரண்டாவது வீட்டில் பொய் மறந்துபோய்
அந்தக் குசினி எனக்குப் பிடித்துவிட்டது.
அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லிப் பேரமும் பேசினேன்.
திரும்பும் வழியெல்லாம் ஒரே வெட்கம்.

பிறகு அட்டை எழுதினேன்:
சிறிய குடும்பத்திற்கு வாடகைக்கு.
"சிறிய"வை வெட்டினேன்.
எங்களை ஐந்து தலையென்று எண்ணிவிட்டு
லிங்கநகரில் ஒருவர் கேற்றைச் சாத்தியது
இன்னும் காதில் கிடக்கிறது.

மருந்துக்கடையில் ஒன்று, சலூனில் ஒன்று,
பஸ் நிலையக் கம்பத்தில் மாப்பசை தடவி ஒன்று.
விடியப் போய்ப் பார்த்தால்
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
பசையின் ருசிக்குக் காகிதத்தையும் தின்றிருந்தது,
என் தொலைபேசியின் கடைசி மூன்று இலக்கங்கள்வரை.
"வாடகைக்கு" மட்டும் மிச்சம்.
எது வாடகைக்கு? கம்பமா, ஊரா?

புரோக்கர் தவநேசன் வந்தார்,
தலைக்கவசத்தைக் கழற்றாமலே மேலே ஏறினார்.
"நாள் கணக்கில வெள்ளைக்காரருக்கு விடுங்கோ அக்கா,
உப்புவெளியில அப்பிடித்தான்."
"இங்க கடல் எங்க தம்பி?"
குளியலறை ஜன்னலைக் காட்டினார்.

ஒருவர் இரவு ஒன்பதுக்கு அழைத்து
கிணறு வற்றுமா என்று மட்டும் கேட்டு வைத்தார்.
ஒரு சோடி எல்லாம் நல்லம் என்றது,
பிறகு வரவேயில்லை.
மதிலுக்கு அப்பாலிருந்து கமலவேணி சொன்னாள்,
"ஆர் எவரெண்டு பார்த்துக் குடு."
பார்ப்பது என்றால் என்னவென்று
இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை சிபானா வந்தாள். மூதூர்.
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை,
கையில் ஏழு வயசுப் பொடியன்.
அவன் நேரே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தான்.

எத்தனை பேர், அவர் எங்கே,
ஆக்கள் அடிக்கடி வருவினமோ, என்று
என் வாயிலிருந்து லிங்கநகர்க்காரர் கதைத்தார்.
எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்:
"முந்தி இருந்தாக்கள் ஏன் போனாங்க?"
ஒருத்தரும் இருக்கேல்லை என்றேன்.
"அப்ப உங்களப் பத்தி நான் யாருக்கிட்ட கேக்குற?"

அதற்கு நான் ஆயத்தமில்லை.
யோசித்துப் பார்த்து
என் பழைய வீட்டுக்காரரின் இலக்கத்தைக் கொடுத்தேன்.
என் முன்னாலேயே அழைத்தாள்.
ஓம் என்றாள். ஓ, அப்படியா என்றாள்.
என்னை ஒருமுறை பார்த்துச் சிரித்தாள்.
என்ன சொன்னாரோ, அந்த மனுஷன்.
மூன்று மாத அட்வான்ஸ் கேட்க வைத்திருந்த நான்
இரண்டு என்றேன்.

ஒப்பந்தம் இரண்டு பிரதி.
கரண்ட் அவளுக்கு, தண்ணீர் பாதி பாதி.
சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்ற வரியை
கடையில் வாங்கிய படிவமே வைத்திருந்தது.
அதற்கு மேலால் கோடு கீறி
இருவரும் கையெழுத்து வைத்தோம்.

இன்று பின்னேரம் மேலே சுத்தியல் சத்தம்.
புதுப் பூச்சு, ஒவ்வோர் அடியும்
என் பல்லில் விழுகிறது.
நாலாவதில் நின்றது.
படியில் பொடியனின் தலை:
"அன்ரி, உம்மா கேக்கச் சொன்னாங்க,
இந்தச் சுவருக்குள்ள பைப் போகுதா?"

அந்தப் பழைய வீடென்றால்
கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

"பொறு மகன்,"
மேசனின் இலக்கத்தைத் தேடுகிறேன்.